லியோனார்டின் நிதான நடை

ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி அதற்குள் திணித்து, இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஈர மணலில் வெறுங்காலை வைத்ததும் லியோனார்ட் ‘ஆஹா!’ என்பார். சாந்தோம் கோவிலுக்குப் பின்னால் தினமும் சாயங்காலம் கேட்கிற சத்தம் அது. தந்தி ஆபீஸில் உழைத்துப் பென்ஷன் வாங்கிய மனிதர். எதிலும் அவசரம். சாதம் ஆறுவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்.

ஐப்பசியில் அந்தக் கடற்கரை சொர்க்கம்தான், ஐயமே வேண்டாம். வெயிலின் முறைப்பு அடங்கியிருக்கும். முதல் மழை குடித்த மணல் பாதத்துக்கு ஜில்லென்று இருக்கும். கட்டுமரங்கள் கரையேறிக் கிடக்கும். நண்டுக் குஞ்சுகள் ஆள் அரவம் கேட்டு வளைக்குள் ஓடும். யுத்தம் முடிந்து இருட்டடிப்புத் தொல்லையும் ஒழிந்ததால் ஊரே காற்று வாங்க வருகிறது. இதையெல்லாம் அனுபவித்தபடி அடையாற்று முகத்துவாரம் வரை மெள்ள நடந்து திரும்ப வேண்டும் என்பது டாக்டர் வலியுல்லாவின் கட்டளை.

“ரத்தக் கொதிப்பு ஏறிக்கினே போவுது சாப். கடலோரமா நிதானமா நடங்க. எறங்கலேன்னா இந்தக் கிறிஸ்மஸ்ஸுக்குப் பாட்டு கிடையாது, ஆமா!”

மீசை அரும்பிய நாளிலிருந்து கிறிஸ்மஸ் ராப் பூசைப் பாட்டுக் குழுவில் கட்டைக் குரல் லியோனார்டுடையது. மற்றவர்கள் பாட, தாம் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நிதானமாகத்தான் புறப்பட்டார். கெடுத்தவர் சுப்பராமன். மயிலாப்பூர் வக்கீல், கழுத்தில் மஃப்ளர், ஒரு கையில் தடி, மறு கையில் ஜலச் சொம்பு. ஒரு நாள் பின்னாலிருந்து வந்து, “கொஞ்சம் வழி விடுங்கோ சார்” என்று சொல்லிவிட்டு முந்திப் போனார். அவ்வளவுதான், லியோனார்டின் கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. அன்றிலிருந்து இரண்டு தொப்பைகளும் முகத்துவாரத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகின்றன. அறிமுகம் கிடையாது, பேச்சு கிடையாது. போட்டியா? சேச்சே! இருவருமே கடலைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

நடுவில் இரண்டு தடங்கல்கள் உண்டு. சூரியன் விழும்போது சுப்பராமன் நின்று சந்தியாவந்தனம் பண்ண வேண்டும், லியோனார்ட் முந்துவார். சற்று நேரத்தில் கோவிலில் திரிகால மணி அடிக்கும். லியோனார்ட் நின்று, சிலுவை போட்டு, மூன்று மந்திரம் கொண்ட மாதா ஜெபம் சொல்ல வேண்டும். சுப்பராமன் முந்துவார்.

“அந்த ஐயரு முணுமுணுன்னு முடிச்சிட்டு ஓடியாறாரு ஆனி! இன்னா சந்தியாவந்தனம் அது?” என்று லியோனார்ட் வீட்டில் பொங்கினார்.

“நீங்க மட்டும் இன்னாவாம்? கடைசி மந்திரத்த நடந்துக்கினே சொன்னீங்களாமே. மீன்காரம்மா சொல்லுச்சு” என்றாள் மனைவி ஆனி.

டாக்டர் லியோனார்டின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். கொதிப்பு முன்னைவிட ஏறியிருந்தது. “இன்னா சாப், கடலோரம் நடக்கச் சொன்னா மலை ஏறுறீங்களா? அடுத்த வாரம் கடைசியாப் பாக்குறேன். அப்பவும் இப்டியே இருந்தா பாட்டை மறந்துடுங்க.”

அந்த வாரம் பார்த்துச் சுப்பராமன் வரவில்லை. தொல்லை விட்டது என்று லியோனார்ட் காலை அகட்டி வைத்து நடந்தார். காற்று இருந்தது, நண்டு இருந்தது, ‘ஆஹா’ மட்டும் வரவில்லை. முந்துவதற்கு ஆள் இல்லாத நடையும் ஒரு நடையா? அடிக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

“இப்போ நிம்மதியாக் கீதா?” என்று கேட்டாள் ஆனி.

“கீது, கீது” என்றவர், பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளினார். வக்கீல் ஐயருக்குக் கால் சுளுக்காம் என்று மீன்காரம்மா மூலம் தெரிந்ததும், ஆனிக்குத் தெரியாமல் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். வெட்கக்கேடு, யாரிடம் சொல்வது? அந்த மனிதர் இல்லாமல் கடற்கரையே வெறிச்சென்று இருந்தது.

விடிந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அன்று சாயங்காலம், கோவில் மணி அடித்ததும், மூன்று மந்திரத்தையும் நின்ற இடத்திலேயே முழுசாகச் சொல்லி முடித்த லியோனார்ட் முகத்துவாரத்தை நெருங்கிவிட்டார். வழக்கம்போல் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ஒரு மஃப்ளர்! சுப்பராமன் தடியை ஊன்றி, நொண்டி நொண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பார்வை மட்டும் வழக்கம்போலக் கடல்மேல்.

இன்னும் நாலு எட்டு வைத்தால் லியோனார்டுக்கு ஜெயம். கால் பரபரத்தது. சட்டென்று ஓரமாக ஒதுங்கி, மணலில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்துகொண்டார்.

பெருமூச்சு பக்கத்தில் வந்தது. “கொஞ்சம் வழி விடுங்கோ சார்.”

“போங்க சார், போங்க. நமக்கு லேஸு அவுந்துபோச்சு.”

சுப்பராமன் முந்திப் போய், முகத்துவாரத்தில் தடியை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். லியோனார்ட் இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டைக் குரலில் ஒரு கிறிஸ்மஸ் பாட்டை முனகியபடி, வெறுங்காலின்மேல் இல்லாத லேஸை நிதானமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஷூ இரண்டும் கக்கத்தில் இருந்தன.