மூக்கு மாமாவும் மைதா மாவும்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பழத்தோட்டத்தில் 'மூக்கு' என்று பெயர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அது பார்க்கும் வேலைதான் பெரிது. மருந்து கேன்களில் ஒட்டிய காகிதம் நாலே நாளில் மருந்து வழிந்து ஊறி உரிந்துவிடும். எது பூச்சிக்கு, எது களைக்கு என்று யாருக்கும் தெரியாது. மாமா மூடியைத் திறந்து ஓர் இழுப்பு இழுப்பார். "இது பூச்சி. அது களை. மாத்தி அடிச்சா மரம் மொட்டைதான்" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தோட்டம் அவர் மூக்கை நம்பித்தான் ஓடியது.

முதுகில் மாட்டும் மருந்து டாங்க் ஒழுகும். சட்டையின் பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். குழாய் முனை அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார். கையுறையும் முகமூடியும் வாங்கிய உறையைப் பிரிக்காமலே கொட்டகை ஆணியில் தொங்கின. "அதப் போட்டுக்கிட்டா வாசனை எப்படித் தெரியும்?" என்பார். நியாயமான கேள்வி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நானும் அதே தோட்டத்தில்தான் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. மாமாவைச் சீண்டாவிட்டால் எனக்குப் பொழுது போகாது. அவரும் துண்டை முறுக்கிக்கொண்டு, "நில்லுடி குரங்கு!" என்று துரத்துவார். அந்தத் துரத்தலுக்காகத்தான் அத்தனை சேட்டையும்.

போன வருஷம் அவர் சாப்பாட்டுப் பையில் அழுகிய முட்டையை உடைத்து வைத்தேன். கொட்டகையே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. மாமா மட்டும் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. வேண்டுமென்றே நடித்து எனக்கே விபூதி அடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிப்பதும் குறைந்திருந்தது.

"உம்மேல கோவமா இருக்கான் போல. கொஞ்ச நாளைக்கு வாலைச் சுருட்டிக்கிட்டு இரு" என்றாள் அம்மா.

நானா சுருட்டுவேன்? மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, பேரில்லாத ஒரு கேனில் ஊற்றி வரிசையில் வைத்தேன். பூச்சி மருந்தும் பால்போல வெள்ளைதான். மூடியைத் திறந்ததும் கண்டுபிடிப்பார், துண்டு முறுக்குவார் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன்.

மாமா மூடியைத் திறந்தார். இழுத்தார். கேனை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். "பூச்சி" என்று சொல்லிவிட்டு டாங்கில் ஊற்றி, மூன்றாம் வரிசை முழுக்க அடித்துவிட்டு வந்தார். இப்போது திரும்புவார், இப்போது சிரிப்பார் என்று கடைசி மரம் வரை பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை.

பத்து நாளில் மூன்றாம் வரிசையில் பூச்சிகள் விருந்து வைத்தன. மேஸ்திரி எல்லோர் முன்னாலும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, தூங்கிக்கிட்டே அடிச்சியா?"

"மழை வந்து கழுவியிருக்கும்" என்றார் மாமா. குரல் எழும்பவே இல்லை. மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. உண்மை எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோமாளித்தனம். அன்று சாப்பாட்டு நேரத்தில் மாமா மாதிரி நடந்து காட்டினேன். இடது கை ஆடும், வலது கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். குட்டிக் குட்டி அடி. முகம் சுவர் மாதிரி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லாரி ஓட்டும் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தனியே கூப்பிட்டார்.

"நெசமாவே அப்படித்தான் நடக்குறாரா?"

"ஆமாண்ணே. ஏன்?"

"எங்க அப்பாவும் இப்படித்தான் நடந்தாரு. அவரும் மருந்தடிச்சவருதான். இப்ப டம்ளரைப் புடிக்க முடியல. ஆனா முதல்ல போனது மூக்கு. சோறு அடிப்புடிச்சாகூட தெரியாது அவருக்கு."

அன்று ராத்திரியே அண்ணன் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அம்மா ஒரு வாரம் சண்டை போட்டாள். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா அவரை நடக்கவிட்டார், விரல்களைத் தட்டச் சொன்னார். வலது கை பாதியிலேயே சோர்ந்தது.

"வாசனை தெரியுதா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? என் பேரே மூக்குங்க" என்றார் மாமா.

அவருக்கு மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் வேலை போகும். பிடுங்காவிட்டால் நாளைக்கும் அந்தக் கேனைத்தான் முகருவார்.

"மாமா, மூணாம் வரிசைக்கு நீ அடிச்சது மைதா மாவு. நான்தான் ஊத்தி வச்சேன்" என்றேன்.

அம்மா என் தலையில் அடிக்கக் கை ஓங்கி, பாதியில் நிறுத்தினாள். மாமா என்னையே பார்த்தார். முகம் அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"ரெண்டு வருஷமாச்சு" என்றார், டாக்டரம்மாவிடம். "கேனோட கனத்தை வச்சு, மூடியோட நிறத்தை வச்சு ஒப்பேத்திக்கிட்டிருந்தேன்."

பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டரம்மா. "மருந்தாலதான் வந்துச்சுன்னு ஒருத்தரை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வருஷக்கணக்கா இதோட புழங்குறவங்களுக்கு ஆபத்து அதிகம். மாத்திரை இருக்கு, உடற்பயிற்சி இருக்கு. நடமாட்டத்துக்கு உதவும். முழுசா குணமாக்காது. இனிமே அந்தக் கேன் பக்கம் போகாதீங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மாமா, "இனி யாருடி முகர்ந்து பார்ப்பா? அடுத்து வர்றவனும் மூக்கைத்தான் நீட்டுவான்" என்றார்.

மறுநாள் மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். எனக்கு ஒரு வாரம் வேலை இல்லை. மாமாவுக்கு இனி மருந்து வேலையே இல்லை. வேறு வேலை தருவது பற்றி மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. மாமா ஒன்றே ஒன்று கேட்டார். கேன்களில் பேர் எழுத வேண்டும், அழியாத பெயிண்டில். எந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று மேஸ்திரி மருந்துக் கடைக்காரரை வரவழைத்துப் பார்த்து வைத்தார்.

அந்த வாரம் கழிந்ததும், கொட்டகை வாசலில் ஒரு தகரத்தில் மாமா முதலில் எழுதிப் பார்த்தார். 'பூ' கையகலம் வந்தது. 'ச்' அதில் பாதி. 'சி'யைத் தேட வேண்டியிருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து சுருங்கிப்போனது. வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

"நீ எழுது" என்று பிரஷ்ஷை நீட்டினார். கேனை நோக்கிப் போனேன்.

"நில்லுடி குரங்கு!"

ஆணியில் தொங்கிய உறையை எடுத்தார். வலது கையால் பிரிக்க வரவில்லை. பல்லால் கடித்துக் கிழிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, என்னிடமே தந்தார். கிழித்தேன். கையுறையின் மடிப்பு அப்படியே இருந்தது.

"முகமூடியும்" என்றார். நான் இரண்டையும் போட்டு முடிக்கும் வரை கொட்டகைக்கு வெளியே, வெயிலில், நின்றுகொண்டே இருந்தார்.