பங்குனி இருபது

துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த கப்பல் முகவர் கந்தோரில் நான் மார்ச் இருபதாம் திகதி வேலைக்குச் சேர்ந்தேன். வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் சம்பளத்தோடு பதினான்கு நாள் லீவு. ஏப்ரல் பிறந்தபின் சேர்ந்தவருக்குப் பத்துத்தான். சட்டம் அப்படி. ஆனால் மறுவருடம் தை மாதம் ஒட்டப்பட்ட லீவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே பத்து என்று இருந்தது.

பெரிய கிளாக்கரிடம் போய்க் கேட்டேன். அவர் என் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். வேலை தொடங்கும் நாள், பங்குனி 20. என் கையெழுத்துத்தான். எங்கள் பக்கத்தில் மார்ச்சைப் பங்குனி என்றுதான் எல்லோரும் எழுதுவோம், அவரும்கூட.

அவர் அலுமாரியைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"பங்குனி இருபது எண்டால் ஏப்ரல் இரண்டு, தம்பி. நான் என்ன செய்ய ஏலும்?"

கப்பல் கந்தோருக்குப் பஞ்சாங்கம் எதற்கு? நான் முதல் நாள் கையெழுத்துப் போட்ட வரவுப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். அது கொழும்புக்குப் போய்விட்டதாம். அதற்குப் பிறகு அந்த மனிதர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை.

இரண்டு மாதம் பொறுத்திருந்து, வேண்டுமென்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: "சித்திரை 2 அன்று எனக்கு லீவு வேண்டும்." பஞ்சாங்கப்படி பார்த்தால் அது ஏப்ரல் நடுவில், வருடப்பிறப்பை ஒட்டி வரும் நாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஏப்ரல் இரண்டு என்று பதிந்தார்.

அலுமாரியை அவர் திறக்கவே இல்லை.