கோயில் குளத்தில் முக்குளித்தபோது கைகொடுத்த சிறு கருவிகள்

கடந்த பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குடவாசலை அடுத்த ஒரு சிற்றூரின் கோயில் தர்மகர்த்தா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அன்று நண்பகல் தீர்த்தவாரியின்போது அஸ்திரதேவர், அதாவது இறைவனின் சார்பில் நீராடும் சூல வடிவத் திருமேனி, குருக்களின் கை நழுவிக் குளத்தில் ஆழ்ந்துவிட்டது. ஊரார் பொழுது சாயும்வரை மூழ்கித் தேடியதில் சேறு கலங்கியதே மிச்சம். பணி ஓய்வுக்குப் பின் ஐம்பத்தெட்டாம் வயதில் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா பழகிய தமிழாசிரியன் ஒருவன் கும்பகோணத்தில் இருக்கிறான் என்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. கடலைத் தவிர வேறிடத்தில் முக்குளிக்க எண்ணுவோருக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். குருக்களின் வேண்டுகோளுக்கு இணங்க ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

மறுநாள் காலை 5.40 பேருந்தில் புறப்பட்டு 6.25க்குக் குடவாசலில் இறங்கினேன். கட்டணம் இருபது ரூபாய். கூத்தாநல்லூரிலிருந்து ஜபருல்லா பாய் தம் காரில் காற்று உருளைகள் இரண்டோடு காத்திருந்தார். வளைகுடாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் கடலடிக் குழாய் வேலை பார்த்தவர். நான் நீருக்குள் இறங்கினால் கரையில் கயிறு பிடிப்பவர் அவரே. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். இருபுறமும் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

குருக்கள் குளத்துப் படியிலேயே அமர்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு.

“எண்ணெய் அபிஷேகம் பண்ணின கை. சீயக்காய் போட்டுத் தேய்க்காம அப்படியே இறங்கிட்டேன். மூணாவது முழுக்குல வழுக்கிடுத்து” என்றார். “அவர் வராம கொடி இறக்க முடியாது. கொடி இறங்காம காப்பு கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டப்படாது. பொண்ணை மாயவரம் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. நாளைக்குக் காலம்பற ஆபரேஷன். தாயில்லாப் பொண்ணு சார். மாப்பிள்ளை வேற ஊர்ல இல்லை.”

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம் சாமி, கவலைப்படாதீங்க” என்றார் பாய். எனக்கும் ஐயமில்லை. பதினான்கு அடி ஆழந்தான்; இதைப்போல் ஐந்து மடங்கு ஆழம் பார்த்தவன் நான்.

நம்பிக்கை சரியானது, தயாரிப்பில்தான் பிழை. நெய்தல் நிலத்துக் கருப்பொருள்களை அப்படியே மருதத்திற்குக் கொண்டு வந்திருந்தேன். கடல்நீர் உடலை மேலே தள்ளும். அதை வெல்ல இடுப்பில் ஈயக்கட்டிகள் கட்டுவோம். குளத்து நன்னீருக்கு அவ்வளவு எடை தேவையில்லை. பாய் எச்சரித்தும் கேளாமல், கடலில் கட்டும் ஆறு கிலோவையும் கட்டிக்கொண்டு 7.30க்கு இறங்கினேன். நேரே போய் முழங்கால்வரை சேற்றில் புதைந்தேன். இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க் கைவிளக்கை ஏற்றினால் கண்முன் பால் கரைத்ததுபோல் ஒரே வெண்மை. நீருக்கடியில் பேச முடியாததால் எழுதிக்காட்டக் கொண்டுபோகும் பலகையை எவர் படிப்பது? போதாக்குறைக்கு, யாரோ விட்டுப்போன நைலான் வலை காலைச் சுற்றிக்கொண்டது. விரலளவே உள்ள கொக்கி வடிவ வெட்டி ஒன்றைத் தோள்வாரில் எப்போதும் செருகியிருப்பேன். அதைக்கொண்டு வலையை இழையிழையாக அறுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

“என்னங்க ஐயா, குளத்துல நாத்து நட்டுட்டு வந்தீங்களா?” என்றார் பாய், என் முழங்காலைப் பார்த்து. படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். குருக்கள் சிரிக்கவில்லை.

நான்கு கிலோ ஈயத்தைக் கழற்றி வைத்தேன். விளக்கையும் பலகையையும் பைக்குள் போட்டேன். கலங்கல் அடங்க ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் கரையில் ஆளாளுக்குத் தேடவேண்டிய இடம் சொல்லத் தொடங்கினார்கள். பாய் தம் அவசர ஊதலை எடுத்து ஒருமுறை ஊதியபின்தான் அமைதி கிடைத்தது.

இரண்டாம் முறை இரண்டே பொருள்களை நம்பினேன். ஒன்று, நூல் சுருள். குருக்கள் நின்ற படியில் பாய் சுருளைப் பிடித்துக்கொள்ள, நுனியைப் பற்றியபடி நான் பிறைவடிவில் தடவிச் செல்வேன். ஒரு பிறை முடிந்ததும் அவர் இன்னொரு முழம் நூல் விடுவார். மற்றொன்று, முந்நூற்றைம்பது ரூபாய் விலையுள்ள மெல்லிய எஃகுக் குச்சி. கடலில் பவளத்தைத் தொடாமல் ஊன்றி நிற்க உதவுவது. இங்கே அதைச் சேற்றில் குத்திக் குத்தி நகர்ந்தேன். திருவடி காணப் பன்றியாய் மண்ணை அகழ்ந்த திருமாலை நினைத்துக்கொண்டேன்.

பதினோராவது பிறையில் குச்சி எதிலோ பட்டு ‘டிங்’ என்றது. நீருக்குள் அவ்வொலி காதருகே கேட்டது. மறுபடி மெதுவாகத் தொட்டேன். வெண்கலம்.

கையை நீட்டவில்லை. தீட்சை பெறாத நான் அத்திருமேனியைத் தொடலாகாது. குச்சியை அருகில் ஊன்றி, நூலை அதில் முடிந்து, இடம் காட்டும் மிதவைக் குழலையும் அதிலேயே கட்டி, காற்று நிரப்பி மேலே அனுப்பினேன். ஆரஞ்சுச் சுரைக்காய்போல் அது நீரைப் பிளந்து எழுந்ததும் கரையில் ஆரவாரம் எழுந்ததாம். நான் மேலே வந்து செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் குருக்கள் இறங்கிவிட்டார். மூச்சை அடக்கி, நூலைப் பற்றியபடியே உள்ளே போனார். மீண்டபோது சேறு வழியும் அஸ்திரதேவர் அவர் மார்போடு இருந்தார். அப்போது மணி 11.10.

பரிகார பூஜைகள் முடிந்து, நான்கு மணிக்குக் கொடி இறங்கியது. இனிக் காப்பைக் களைய வேண்டியதுதான். நீரில் ஊறிய முடிச்சோ இறுகிப்போய் நகத்துக்கும் பல்லுக்கும் இளகவில்லை. நான் வெட்டியை நீட்டினேன்.

“இரும்பு படப்படாதே” என்று கையை இழுத்துக்கொண்டார்.

“இரும்பே இல்லீங்க சாமி, டைட்டானியம். நான்தான் வாங்கிக் குடுத்தேன்” என்றார் பாய்.

குருக்கள் சற்று யோசித்தார். “அதைப் பத்தி ஆகமத்துல ஒண்ணும் சொல்லலை. அறுங்கோ.”

ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். காற்று உருளைகளுக்கு இடையில் இடுங்கி அமர்ந்து அவரும் எங்களோடு வந்தார். 5.50க்கு மயிலாடுதுறை மருத்துவமனை. மகள் தந்தையைக் கண்டதும் முதலில் கேட்டது, “சுவாமி கிடைச்சாரா?”

குளத்தில் இறங்க விரும்புவோர் முன்னதாக அனுமதி பெறுங்கள், கயிறு பிடிக்க ஆளில்லாமல் இறங்காதீர்கள், நீரை விழுங்காதீர்கள். ஈயத்தைக் குறையுங்கள். விளக்கை நம்பாதீர்கள், நூலையும் குச்சியையும் மிதவையையும் நம்புங்கள். வெட்டி வாங்கினால், முந்நூறு ரூபாய் கூடுதலானாலும் டைட்டானியத்தில் வாங்குங்கள். துருப்பிடிக்காது என்று கடைக்காரர் காரணம் சொல்வார். அதுவும் சரிதான்.