வதனி வெட்டுவித்த சாவி

வதனி வலது கையால் கிரீஸை அள்ளி வைத்துக்கொண்டு, இடது கைத் துணியால் சக்கரத்தின் பழைய அழுக்கை வழித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் இரும்பு மேடை, அதன்மேல் தொலைநோக்கி. மேடை சுழல்வது நான்கு சக்கரங்களில். அவற்றைக் கவனிக்க நெஞ்சளவு ஆழத்தில் ஒரு குழி உண்டு.

இடம் வவுணதீவு, வாவியோரம். தொலைநோக்கி ஒரு தனியார் கல்லூரியினுடையது, பராமரிப்பது வதனி. மாணவர்கள் மாதத்தில் நான்கு மாலை வருவார்கள், மற்ற நாட்களில் வதனி மட்டும். வயது நாற்பத்தாறு, கணவன் இறந்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. சுற்றிலும் வட்டை, நெல்வயல். அறுவடை முடிந்தால் அங்கும் ஆள் இராது.

மேடையின் பாதுகாப்பு ஒரே சாவியில் இருந்தது. மோட்டார்ப் பெட்டியில் அதைப் போட்டால்தான் மேடை சுழலும். குழிக்கதவைத் திறக்கவும் அதே சாவிதான். கதவு திறந்திருக்கும்வரை பூட்டு அதை விடாது. எனவே குழிக்குள் ஆள் இருக்கையில் மோட்டார் ஓடாது.

கல்லூரியின் புளியந்தீவு அலுவலகத்தில் நிலோஜன் என்ற பொறியியலாளர் இதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பான். சாவி பெட்டியில் இருந்தால் பச்சை, எடுத்தால் சிவப்பு. முன்பெல்லாம் சிவப்பு விழுந்ததும் அவளுக்குப் போன் எடுப்பான்.

"வதனியக்கா, என்ன செய்றீங்க?"

"குழிக்க இறங்கப்போறன் தம்பி."

"பாம்பு கிடக்கும், பார்த்து."

"கிடந்தா நல்லது. கதைக்க ஒரு ஆள்."

பல நாட்களில் அவள் பேசியது அவ்வளவுதான். போன வருடம் மேடையின் நிலையை இயந்திரமே இருவரின் போனுக்கும் அனுப்பத் தொடங்கியது. நிலோஜன் போன் எடுப்பதை விட்டான். அடுத்த மாதமே வதனி காத்தான்குடிக் கடையில் கொடுத்து அந்தச் சாவியைப்போல் இன்னொன்று வெட்டுவித்தாள். பெட்டிக்கும் குழிக்கும் நடக்க முழங்கால் விடவில்லையாம். இருக்கலாம். சிவப்பு விழுந்தாலும் கேட்க ஆளில்லை என்பதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அதன்பின் ஒரு சாவி பெட்டியிலேயே கிடந்தது, மற்றது குழியைத் திறந்தது. திரை எப்போதும் பச்சை.

அவள் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்த அன்று பிற்பகல், அந்தப் பச்சையை நம்பி நிலோஜன் அங்கிருந்தே மேடையைச் சுழற்றிப் பார்த்தான். சுழலுமுன் மூன்று தரம் மணி அடிக்கும். மூன்றாவது மணியில்தான் வதனி கையை இழுத்தாள், விரல் நுனி தப்பவில்லை. துணியைச் சக்கரம் கொண்டுபோனது, கூடவே மோதிரவிரல் நகத்தையும். இரத்தம் வழியக் குழிக்குள் இருந்தவளின் போனுக்குத் தகவல் வந்தது: "மேடை முப்பது பாகை சுழன்றது. குறை எதுவும் இல்லை."

பின்னேரம் எதிர்வீட்டுக்காரியான என்னிடம் வந்தாள். புண் கழுவுவது இருபது வருடம் நான் செய்த வேலை.

"கதவுல நசுங்கிட்டு மாமி."

"கதவுக்கு ஆர் இவ்வளவு கிரீஸ் பூசின?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

"நிலோஜனுக்குச் சொன்னியா?"

"சொன்னா வேலை போயிரும். இந்த வயசில எங்க போற?"

"அப்ப சாவிய வாவிக்க எறிஞ்சிட்டுப் பேசாம இரன்."

"ஏலாது மாமி. பெயின்ட் அடிக்கிற றிஷாட் என்ர சாவிய வாங்கி, தனக்கு ஒண்டு, தம்பிக்கு ஒண்டு வெட்டிட்டான். நாளைக்குக் காலையில குழிக்க இறங்கப்போறான். பூட்டையே மாத்தணும். அது நிலோஜனாலதான் ஏலும்."

விரலைக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஏற்பு என்கிற டெட்டனஸுக்கு ஊசியும் போடுவித்தேன். இனி யோசிப்பது அவள் வேலை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய்ப் பெட்டிச் சாவியை உருவினாள். சிவப்பு விழுந்தது. போன் அருகில் கால்மணி நேரம் காத்திருந்தாள். நிலோஜன் அழைக்கவில்லை. அவளே அவனை அழைத்தாள்.

"என்னக்கா, சிவப்புக் காட்டுது. பழுதா?"

"இல்ல தம்பி. இவ்வளவு நாளும் காட்டின பச்சைதான் பிழை." முழுவதையும் சொன்னாள்.

"அக்கா, இத நான் மேல அறிவிக்கத்தான் வேணும்."

"அறிவிங்க. முதல்ல பூட்ட மாத்துங்க."

வேலை போகுமா என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. றிஷாட் வாளியோடு வந்தான். வதனி கட்டுப்போட்ட கையை நீட்டினாள்.

"ரெண்டு சாவியையும் தா."

"ஏனக்கா, ராத்திரி கனவு கண்டீங்களா?"

அவள் விரலைக் காட்டினாள். அவன் தன் சாவியைக் கொடுத்துவிட்டு, தம்பியின் சாவியை வாங்கிவரச் சைக்கிளைத் திருப்பினான். அவள் குழிக்கதவின் முன்னால் நாற்காலியைப் போட்டு, பெட்டியிலிருந்து உருவிய உண்மைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டு மாற்ற ஆள் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.