மலை தள்ளிய சைக்கிள்

கோலா தெர்லா என்ற மலையூரில் என் அத்தை இருக்கும் வீட்டு வாசலில், சுவரில் பதித்த அழைப்பு மணி எதுவும் கிடையாது. கதவு நிலையில், கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு சைக்கிள் மணியைத் திருகி வைத்திருக்கிறார்கள். மூடியின் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கட்டைவிரலால் தட்டினால் 'கிணிங்' என்று ஒழுங்காகத் தொடங்கி, தொண்டை கட்டியவர் இருமுவதுபோல 'கிர்ர்' என்று முடியும். தபால்காரரும் அதைத்தான் தட்டுகிறார், காய்கறி லாரிக்காரர்களும் அதைத்தான் தட்டுகிறார்கள். போன மாதம், இப்போது நான் வேலை பார்க்கும் ஈப்போவிலிருந்து மலையேறிப் போனபோது நானும் தட்டினேன். உள்ளேயிருந்து வந்த பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அது விளங்க வேண்டுமானால் முதலில் மாமாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமா என்றால் அத்தையின் கணவர். இருவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. நான் அதே தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்து வேலையில் இருந்தேன். இப்போதெல்லாம் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. மிஷினால் வெட்டுகிறார்கள். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று மிஷினைப் பிடித்துக்கொண்டு ஒரே நடையாக நடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் வெட்டு கோணலாகிவிடும். மாமா ஒரு முனை, அத்தை ஒரு முனை. பகலெல்லாம் அத்தை நடக்கிற நடைதான் மாமாவுக்கும் நடை. மிஷினை இறக்கிவைத்த பிறகுதான் மாமா தன் இஷ்டத்துக்கு நடப்பார். அப்படி அவர் நடந்து போகும் இடம் ஒன்றே ஒன்றுதான், மேலே மெயின் ரோட்டுச் சந்திப்பில் இருந்த சாராயக் கடை.

முதலில் அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரு தீபாவளிக்கு முன்னால் போலீஸ்காரர்கள் மெயின் ரோட்டில் ரோட்பிளாக் போட்டு, குடியைக் கண்டுபிடிக்கும் கருவியில் ஊதச் சொன்னார்கள். மாமா ஊதினார். கோர்ட்டுக்கு அலைந்தார், லைசென்சும் போயிற்று. வேறொருவராக இருந்தால் குடியை விட்டிருப்பார். மாமா மோட்டாரை விட்டார். சில நாள் கழித்து தானா ராத்தா டவுனிலிருந்து ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து லயத்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், வாசலில் நிறுத்தி, "சட்டமெல்லாம் மோட்டாருக்குத்தான்லா. இதுக்கு ரோட் டேக்ஸும் இல்ல, லைசென்சும் இல்ல, ஊதுறதும் இல்ல," என்று அறிவித்தார். அந்தச் சட்டம் உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. அவர் சொன்ன தோரணையில் வக்கீலே நம்பியிருப்பார்.

இங்கே மலையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லயம் பள்ளத்தில், கடை மேட்டில். போகும்போது மாமா நிதானமாக இருப்பார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறுவார். வரும்போது சைக்கிள் நிதானமாக இருக்கும், அது அவரை ஏற்றிக்கொண்டு இறங்கும். அதாவது சைக்கிளில் அவர் உட்காரும் நேரமெல்லாம் குடித்திருக்கும் நேரம்தான். அத்தை சத்தம் போட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார். "நான் மிதிக்கவே இல்ல புள்ள. பெடல்ல காலே அழுத்தல. மல தள்ளுது, சைக்கிள் போவுது. குத்தம்னா மலையப் புடிச்சி உள்ள போடு." அத்தை துடைப்பக்கட்டையை எடுப்பார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். மாமாவின் இந்தப் பேச்சு மட்டும் விடிந்த பிறகும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மூடுபனி சீக்கிரமே இறங்கிவிட்டது. மாமா வரவில்லை. அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் ஏறினார். முனியாண்டி கோயில் வளைவில் சைக்கிள் கிடந்தது. பின்சக்கரம் ரோட்டில், முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில். கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடும் சத்தம் கேட்டது. ஆளைக் காணோம். அத்தை பள்ளத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து குறட்டை கேட்டது. தேயிலைச் செடியின் மேல்பக்கத்தை மேசை மாதிரி சமமாக வெட்டி வைத்திருப்பார்களே, அதன் மேல் மாமா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். சைக்கிள் ஒரு பக்கம் போயிருக்கிறது, ஆள் மறுபக்கம் விழுந்திருக்கிறார். மாறி விழுந்திருந்தால் அவ்வளவுதான். அத்தை ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். அந்தச் சத்தத்தில் மாமா கண்ணைத் திறந்து, "ஏன் புள்ள, யாரு செத்துட்டா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

மறுநாள் காலையில் அத்தை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். எழுதத் தெரிந்தவள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முன் மேசையில் இருந்த இளம் மலாய்க்காரப் போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். கணவர் அடிக்கிறாரா? இல்லை. சம்பளத்தைத் தொலைக்கிறாரா? இல்லை. பிறகு? "குடிச்சிட்டு சைக்கிள் ஓட்டுறாரு. புடிச்சி உள்ள வைங்க." போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "மக்சிக், அதுல இஞ்சினே இல்லையே," என்றார்; மலாய்க்காரர்கள் வயதில் பெரிய பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். இஞ்சின் இல்லாவிட்டால் மண்டை உடையாதா என்று அத்தை கேட்டார். அவர் உள்ளே போய்ப் பெரியவரைக் கேட்டுவிட்டு வந்தார். யாருக்காவது அடிபட்டதா, எதற்காவது சேதமா என்று பெரியவர் கேட்கிறாராம். ரெண்டு தேயிலைச் செடி ஒடிந்தது என்றார் அத்தை. அப்படியானால் செடிக்குச் சொந்தக்காரர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. "நாளைக்கு அவரு பள்ளத்துல போயிட்டா மிஷினுக்கு அந்தப் பக்கத்த யாரு புடிப்பா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு என்ன மிஷின் என்று விளங்கவில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

செடிக்குச் சொந்தக்காரர் தோட்டம், தோட்டத்துக்குத் துரை. இங்கே மேனேஜர் எந்த இனத்தவராக இருந்தாலும் துரைதான். எங்கள் துரை பினாங்குப் பக்கத்துத் தமிழர், அப்போதுதான் வந்திருந்தார். அவருக்கும் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கவசமும் உடம்பை ஒட்டிய சட்டையும் போட்டுக்கொண்டு மலையெல்லாம் சுற்றுவார். அத்தையின் கதையைக் கேட்டு மனம் உருகிவிட்டார். அடுத்த நாள் பெரட்டில், அதாவது வேலை பிரிக்க எல்லாரும் காலையில் கூடும் இடத்தில், தோட்டத்து ரோட்டில் குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவது குற்றம், யாராக இருந்தாலும் வேலை போகும் என்று அறிவித்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். போலீசால் முடியாததைச் செய்துவிட்ட நிமிர்வு அது.

மதியச் சாப்பாட்டின்போதுதான் அவருக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, வேலை போனால் லயத்து வீடும் போகும். இரண்டு, துரையுடையதைத் தள்ளிவிட்டால் தோட்டத்தில் இருப்பதே ஒரு சைக்கிள்தான். மற்றவர்களெல்லாம் மோட்டார் வைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேருக்கென்று போட்ட சட்டம் ஒரே ஒரு மனிதரைத்தான் பிடிக்கும், அந்த மனிதர் அத்தை வீட்டில் இருக்கிறார். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதைதான். அன்று அத்தை மாமாவிடம் கெஞ்சினார். மாமாவும் பயந்துபோய், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கடைப்பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி பூசை. எல்லைக் காவல் தெய்வம் அல்லவா, கோழி, சுருட்டு, கறுப்பு பீர் எல்லாம் உண்டு. படைத்ததை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, அங்கேயே தீர்த்துவிட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். முதல் மரியாதை துரைக்கு. துரை அன்று சைக்கிளிலேயே வந்திருந்தார். மாலை போட்டு, ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டினார் பூசாரி. மறுத்தால் முனியாண்டிக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கே அவமானம். துரை கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடுத்து வயதில் மூத்த தொழிலாளி என்று மாமாவுக்கு ஊற்றினார்கள். மாமா கண்ணைத் திறந்துகொண்டே குடித்தார். துரை கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் பங்களாவுக்குப் போனார். மாமா கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறி லயத்துக்கு இறங்கினார். பாதி வழியில் தோட்டத்து ஜாகாக்காரர், அதாவது காவல்காரர், மாமாவைப் பிடித்துவிட்டார். கடமையில் தவறாத மனிதர் அவர்.

திங்கட்கிழமை பெரட்டில் ஒரு ஆள் குறையவில்லை. மெடிக்கல் லீவு போட்டவர்கூட வந்திருந்தார். துரைக்குச் சங்கடம். ஊரறியச் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துரை வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்தார்.

"சார், ஒன்னு கேக்கணும். முனியாண்டி பிரசாதம் குத்தமா?"

"பிரசாதம் எப்படிம்மா குத்தமாகும்?"

"அப்ப சரி. நேத்து ஒரே போத்தல்ல இருந்துதானே ஊத்துனாங்க? மொதல்ல ஒங்களுக்கு, அப்பறம் இவருக்கு. நீங்களும் சைக்கிள்ல போனீங்க, இவரும் சைக்கிள்ல போனாரு. ஒங்க வாயில பிரசாதம், இவரு வாயில சாராயமா?"

துரையின் காது சிவந்தது. தான் ஒரு வாய்தான் குடித்ததாகச் சொன்னார். "எத்தன வாய்னு சட்டத்துல நீங்க சொல்லலியே சார்," என்றார் அத்தை. "அதோட இவரு மிதிக்கவே இல்ல. மலதான் தள்ளுச்சு." மாமா என் பக்கம் குனிந்து, "பாத்தியா கிராணியம்மா, நான் சொன்னப்ப தொடப்பக்கட்ட. அவ சொன்னா சட்டம்," என்று முணுமுணுத்தார்.

துரை சிரிக்கவில்லை. "நீங்கதானேம்மா இது குத்தம்னு வந்து அழுதீங்க?" என்று கேட்டார். அத்தை மாமாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "குத்தம்தான் சார். இப்பவும் குத்தம்தான். என் பேச்சு அவருக்கு ஏறல, சட்டம்னா ஏறும்னு நெனச்சேன். அவரு உசுரோட எறங்கி வரணும்னுதான் கேட்டேன். வீட்டையே புடுங்கிட்டா அவரு எங்க எறங்கி வருவாரு?" குரல் உடைந்துவிட்டது. "மிஷினுக்கு அந்தப் பக்கம் அவருதான் சார் புடிக்கணும்."

எனக்கும் கண் கலங்கியது. துரை தலைக்கு மேலே தெரிந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பழைய சட்டம் ரத்து. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் முனியாண்டி கோயில் வளைவிலிருந்து லயம் வரை யாரும் சைக்கிளில் உட்கார்ந்து வரக்கூடாது, இறங்கித் தள்ள வேண்டும், தானும் உட்பட. பனியில் யார் பார்ப்பது என்று ஜாகாக்காரர் நியாயமாகவே கேட்டார். "ஒரு மணிய மாட்டிவிடுங்க. நான் கேட்டுக்குறேன்," என்றார் அத்தை. மாமாவின் சைக்கிளில் மணியே கிடையாது. துரை தன் சைக்கிளிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் லயத்துக்கே அது ஒரு கச்சேரி. பனிக்குள்ளிருந்து, வளைவில், ஒரு 'கிணிங்'. அத்தை அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார், "எறங்கித் தள்ளிக்கிட்டு வாய்யா!" மறுபடி ஒரு 'கிணிங்', கொஞ்ச தூரம் விட்டு இன்னொன்று. தள்ளிக்கொண்டு வருகிறவரின் மணி மெதுவாகப் பக்கத்தில் வரும், உட்கார்ந்து வருகிறவரின் மணி பாய்ந்து வரும். அத்தைக்கு அந்த வித்தியாசம் அத்துப்படி. மெதுவாக வருகிறது என்று உறுதியானதும், "ம்... வா," என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தட்டில் போடப் போவார். ஒரு முறை மாமா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மெதுவாக மணியடித்து ஏமாற்றப் பார்த்தார். பிரேக் அறுந்து தேயிலைக்குள் போனார். மணியில் இருக்கும் நசுங்கல் அன்றைக்கு வந்தது.

குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவதைக் குற்றமாக்க வேண்டுமா என்று ஈப்போவில் என் ஆபீஸ் நண்பர்கள் ஒரு நாள் காரசாரமாக வாதாடினார்கள். கார்க்காரன் பிறரைக் கொல்கிறான், சைக்கிள்காரன் தன்னைத்தானே கொன்றுகொள்கிறான், அதிலே சர்க்காருக்கு என்ன வேலை என்றார் ஒருவர். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் 'தன்னைத்தானே' என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அதில் மிஷினின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் எங்கே இருக்கிறார்? அதற்காக மாமாவை ஜெயிலில் போடவும் எனக்கு மனம் வராது. அத்தைக்கே வரவில்லையே.

வேலை ஓய்வுக்குப் பிறகு இருவரும் கோலா தெர்லாவில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாமாவின் ஈரல் கெட்டிருந்தது. டாக்டர் சொன்னபோதுதான் குடியை நிறுத்தினார். பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் தப்பியவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு சொட்டும் தொடாத நிலையில், கண்ணை மூடினார். "அந்த மனுசன் நிதானமாப் போன ஒரே எடம் அதுதான்டி," என்று அத்தை என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தார். மகன் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டபோது, மணியை மட்டும் அத்தை தானே கழற்றி எடுத்துக்கொண்டார்.

போன மாதம் நான் போன வழியெல்லாம், வண்ணச் சட்டையும் தலைக்கவசமுமாக இளைஞர்கள் கூட்டமாகச் சைக்கிள் மிதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தண்ணீர்தான் குடித்தார்கள். கோலா தெர்லாவில் சாயங்காலப் பனி இறங்கியிருந்தது. வாசலில் நின்று மணியைத் தட்டினேன். 'கிணிங்... கிர்ர்'. உள்ளே கரண்டிச் சத்தம். அதற்கு நடுவிலிருந்து, ஒரு நொடிகூட யோசிக்காமல், அத்தையின் குரல் வந்தது.

"எறங்கித் தள்ளிக்கிட்டு வாய்யா!"

கரண்டிச் சத்தம் நின்றது. நான்தான் அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டைவிரல் தானாக மணிக்குப் போனது. மெதுவாக ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் அடிப்பதுபோல.

உள்ளே கரண்டி மறுபடி அசைந்தது.

"ம்... வா," என்றார் அத்தை.