மோடத்துக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

பால் அடிப்பிடித்த மணம் எங்கே வந்தாலும் எனக்கு அந்தப் பம்ப் கொட்டில்தான் நினைவுக்கு வரும்...

முள்ளியவளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் திட்டம் தொடங்கிய நாள். ஆவணி வெயில். கிணறுகள் வற்றி, பவுசர் லொறியில் தண்ணீர் வரும்வரை வாளியோடு காவல் இருந்த காலம். வயர் பூட்டுகிற வேலை என் மகள் கோமதிக்கு. தற்காலிக வேலைதான். "இண்டைக்கு ஓடினால்தான் நிரந்தரம்" என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார்.

ஊர் நடுவே தண்ணீர்த் தாங்கி, குளக்கரையில் பம்ப். தாங்கி வற்றினால் அங்கிருந்து ரேடியோவில் சேதி வரும். பம்ப் கொட்டிலில் இருக்கும் மோடம் அதை வாங்கி, பம்பை ஓட்டுகிற பெட்டிக்குச் சொல்லவேண்டும். இரண்டுக்கும் நடுவில் சீரியல் போர்ட் வயர். மூன்றே மூன்று.

"இதின்ரை வாய் அதின்ரை காதுக்குப் போகோணும் அம்மா. வாயும் வாயும் சேர்ந்தால் ஒண்டும் கேளாது."

நீலமும் வெள்ளையும் அதற்கு, கறுப்பு எர்த்துக்கு. காலையிலேயே பூட்டி ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. என் கண்ணால் கண்டேன்.

பிறகு நிறுத்திவிட்டு நல்ல நேரத்துக்குக் காத்திருந்தோம். சபைத் தலைவர் வந்தார். கோமதி திறந்திருந்த மோடத்தை மூடப் போனாள்.

"மூடாதை பிள்ளை, சனம் பாக்கட்டும்" என்றார் தலைவர்.

மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பம்புக்கு, சுவருக்கு, எங்களுக்கு... திறந்து கிடந்த மோடத்துக்கும்.

சடங்குக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கியது. சுவிச்சைப் போட்டார்கள்.

சத்தமே இல்லை.

"பொம்பிளைப் பிள்ளையிட்டை வயரைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்றார் தலைவர். சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று இன்றைக்கும் பெயர் பெயராகச் சொல்லுவேன்.

"வயரை மாத்திப் பூட்டிட்டீரோ?" என்றார் இஞ்சினியர்.

கோமதி நீல வயரைக் கழற்றப் போனாள். நான் கத்திவிட்டேன்.

"தொடாதை பிள்ளை! விடிய ஓடினதெல்லே?"

"சும்மா இருங்கோ அம்மா..."

சொன்னவள் அப்படியே நின்றாள். வயரை விட்டுவிட்டு, மோடத்தில் செருகியிருந்த பிளக்கை இழுத்தாள். ஊசிகளுக்கு நடுவில் மஞ்சளாய் ஈரம். என் முகத்தைப் பார்த்தாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு ஊசியாகத் துடைத்தாள். நான் சேலைத் தலைப்பால் விசிறினேன். எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றதில், அடுப்பில் பால் கருகியது ஒருவருக்கும் தெரியவில்லை.

திரும்பப் பூட்டினாள். பச்சை லைட் மினுங்கியது. பம்ப் உறுமியது. குழாயில் முதலில் காற்று... பிறகு தண்ணீர்.

தலைவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். "பாத்தியளே! மஞ்சள் தண்ணி தெளிச்ச பலன்!"

நான் வாயைத் திறந்தேன். கோமதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வேலை அம்மா... வேலை." விழுங்கிக்கொண்டேன்.

இப்போது அவளுக்கு வேலை நிரந்தரம். என் குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில், பைப். வாளியோடு காவல் இருந்ததை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்கிறார்கள். வருசா வருசம் பம்ப் கொட்டிலில் பால் பொங்குவது மட்டும் மாறவில்லை. அதே தலைவர், அதே மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. நான் முந்திப் போய் மோடத்தை மறைத்துக்கொண்டு நிற்பேன்.

"இப்ப இது தண்ணி போகாத பெட்டி அம்மா, இஞ்சாலை வாங்கோ" என்பாள் கோமதி.

"கொஞ்சம் விலகுங்கோ" என்பார் தலைவர்.

"என்னிலை தெளியுங்கோ" என்பேன். "பலன் எனக்கு வரட்டும்."