சர்வருக்கு யார் பொட்டு வைப்பது

ஜூஜுவாடியில் லாரிகளுக்கு ரப்பர் கேஸ்கெட் செய்யும் அந்தக் கம்பெனியில், காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கிற ஒவ்வொருவரும் முதலில் சாமல்பட்டிக்குப் போயாக வேண்டும். தன் பெயருக்கு முன்னால் 'சாமல்பட்டி' என்று ஆங்கிலத்தில் அடித்தால்தான் சர்வர் உள்ளே விடும். கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், எல்லோருக்கும் அதே வாசல்தான்.

காரணம் தமிழ்செல்வி. பில் போட வந்தவர். சர்வர் வாங்கிய வருஷம், அதைப் பொருத்த வந்தவர் "டொமைனுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டபோது முதலாளி ஊரில் இல்லை. செல்வி வாயில் வந்ததைச் சொன்னார். வந்தது சொந்த ஊர். அன்றிலிருந்து சர்வரும் அவர் பொறுப்பு.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. மெஷினை ஓட்டுகிறவர்தான் அதற்குப் பொட்டு வைப்பார். முதலாளியேகூட இன்னொருவர் பிரஸ்ஸில் சந்தனம் தொட்டு வைக்கமாட்டார். யார் பொட்டு வைக்கிறார்களோ, அடுத்த பூஜை வரைக்கும் அது அவர் மெஷின். சர்வருக்கு எப்போதும் செல்விதான்.

இந்த வருஷம் கம்பெனி பிரைவேட் லிமிடெட் ஆனது. பெயர் மாறியது, போர்டு மாறியது. சோதனைக்கு வந்த கஸ்டமர் ஒருவர் திரையைப் பார்த்து, "சாமல்பட்டிதான் உங்க ஹெட் ஆபீஸா?" என்று கேட்டுவிட்டார். முதலாளி நாராயணப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. மறுவாரம் சுவேதா வந்தாள், எல்லோரும் அடிக்கும் அந்த டொமைன் பெயரை மாற்ற.

எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிப் பெண். லாரி டிரைவரிடம் கன்னடம், செல்வியிடம் தமிழ், முதலாளியிடம் தெலுங்கு. முதல் நாளே கேபினுக்குள் தெலுங்கில் ஏதோ சொன்னாள். நாராயணப்பன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செல்விக்கு, இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை ஒருமுறைகூடத் தான் சிரிக்க வைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதோடு, செல்வி எப்போதும் வெறும் செல்விதான். அவள் வந்த அன்றே 'சுவேதா மேடம்'.

டிஸ்பாட்ச் முனிவேல்கூடக் கட்சி மாறினார். லேபிள் பிரிண்டர் மக்கர் பண்ணினால் "செல்வியக்கா!" என்று கத்துகிறவர், இப்போது அக்காவைத் தாண்டி நடந்தார்.

"என்னா முனிவேலு, வழி மறந்துட்டீங்களா?"

"இல்லக்கா, நீங்க வேலையா இருந்தீங்க."

"நான் வெட்டியா இருந்தாத்தான் உங்க கண்ணுக்குத் தெரிவேனா?"

சுவேதா இரண்டு நாள் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னாள்: "மெயில் முகவரிய சுலபமா மாத்திடலாம் சார். உள்ளே இருக்கற பேரை மாத்த முடியாது. மெயிலும் அதே பெட்டிக்குள்ள இருக்கறதால இந்த சர்வர் ஒத்துக்காது. புதுசா ஒண்ணு வெச்சு, எல்லாரையும் அதுக்குக் கொண்டுபோகணும். பூஜை லீவுல முடிச்சிடறேன்."

நாராயணப்பன் செல்வியைப் பார்த்தார். "ஏம்மா, எதாச்சும் நின்னுடுமா?"

"கைரேகை மெஷின் நின்னுடும் சார்," என்றார் செல்வி. "அது இந்தப் பேரைத்தான் தேடும். அட்டெண்டன்ஸ் விழாது. மூணு ஷிப்டும் உங்க கேபின் வாசல்ல வந்து நிக்கும்."

அது பொய். அந்த மெஷின் பெயரைத் தேடுவதே இல்லை. சர்வருக்குக் கொடுத்திருக்கும் நெட்வொர்க் எண்ணைத்தான் தேடும். செல்விக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் கூட்டம் என்றால் முதலாளிக்குப் பயம் என்பதும் தெரியும். அவர் யோசிக்கிறேன் என்றார். செல்வி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சுவேதா யோசிக்கவில்லை. சாயங்காலமே, சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்திருந்த புதுப் பெட்டிக்கு அந்தப் பழைய எண்ணைக் கொடுத்து, நாராயணப்பனைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னாள். மெஷின் 'நன்றி' என்றது. முதலாளி திரும்பிச் செல்வியைப் பார்த்தார். அவர் கேள்வி கேட்க வாயைத் திறக்கும் முன் சுவேதா முந்திக்கொண்டாள்.

"அக்கா சொன்னது சரிதான் சார். நின்னிருக்கும். அவங்க சொன்னதாலதான் முன்னாடியே சரி பண்ணேன்."

அவள் காட்டிக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். காப்பாற்றிவிட்டாள். இதில்கூட அவள்தான் பெரிய மனுஷியா? செல்வி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

பூஜையன்று ஷாப் முழுக்கப் பொரியும் பூசணிக்காயும். பிரஸ், லேத், கேன்டீன் கிரைண்டர், எல்லாம் பொட்டோடு நின்றன. சர்வர் அறையில் இரண்டு பெட்டிகள். பழையதன் நெற்றியில் போன வருஷத்துக் குங்குமம் காய்ந்திருந்தது. நாராயணப்பன் சந்தனக் கிண்ணத்தைப் புதுப்பெட்டியின் பக்கம் நீட்டினார்.

"சுவேதா மேடம், நீங்களே வைங்க."

செல்வி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வைக்கக் கூடாது சார்," என்றாள் சுவேதா. "சனிக்கிழமையோட என் கான்ட்ராக்ட் முடியுது. பொம்மசந்திராவுல வேலை கிடைச்சிருக்கு. பஸ் விடறாங்க, ஏசி ஆபீஸ். இதை ஓட்டப்போறது அக்காதானே?"

செல்வி கிண்ணத்தை வாங்கினார். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. முனிவேல் கைதட்டினார். சர்வர் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வந்த வேகத்தில் இன்னொன்றும் வந்தது: பொம்மசந்திராவா? ஏசியா? பஸ் வேறயா?

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் கை பழைய பெயரையே அடித்தது. புதுப்பெட்டி யாரையும் உள்ளே விடவில்லை.

"செல்வியக்கா!" டிஸ்பாட்சிலிருந்து முனிவேல். "சாமல்பட்டி போட்டா எடுக்க மாட்டேங்குது!"

"எப்படி எடுக்கும்? அந்த ஊரைத்தான் எடுத்தாச்சே. புதுப் பேரப் போடுங்க."

"சுவேதா மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கவா அக்கா?"

"போடுங்க பார்க்கலாம்," என்று செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அப்புறம் உங்க பிரிண்டரையும் பொம்மசந்திராவுக்கே தூக்கிட்டுப் போங்க."